தாந்தேயின் வண்டிக்கு என்ன ஆயில்?

எங்கள் வீட்டில் புரட்சிகள் எல்லாம் சாப்பாட்டு மேசையில்தான் அறிவிக்கப்படும். அறிவிப்பவர் அப்பா. அதைச் செய்து முடிப்பது வேறு யாராவது.

எங்கள் பக்கம் கோடைகாலமான ஜனவரியின் வெயிலில் கோர்தோபா நகரமே தார் மாதிரி இளகிக்கொண்டிருந்த ஒரு மதியம், அப்பா மிலனேசாவை, ரொட்டித்தூளில் பொரித்த இறைச்சியை, வெட்டுவதை நிறுத்தினார். எழுந்து போனார். தங்க நிறத்தில் ஓர் இன்ஜின் ஆயில் டின்னோடு திரும்பி வந்து, அதை உப்புக் குப்பிக்குப் பக்கத்தில் வைத்தார். ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவந்த குழந்தை மாதிரி.

“அஞ்சு-முப்பது. முழு சிந்தெடிக். தண்ணி மாதிரி ஓடும். இனிமே நம்ம வண்டிக்கு இதுதான்.”

எங்கள் வண்டி ஒரு ரெனோ 12 கார். அம்மா அப்பாவின் கல்யாணத்தைவிட மூத்தது. கிலோமீட்டர் காட்டும் எண்கள் முழுச் சுற்று சுற்றிப் பூஜ்ஜியத்துக்கு வந்து, மறுபடியும் சுற்றி, இப்போது தன்னைப் புது வண்டி என்று சொல்லிக்கொள்கிறது. அதை நம்புகிறவர் அப்பா ஒருவர்தான். காலையில் கிளப்பினால் நீலப் புகை. அந்தச் சத்தம் கேட்டதும் எதிர்வீட்டில் ஓடிவந்து கொடியில் காயும் துணியை எடுப்பார்கள்.

வண்டி அப்பாவின் பெயரில் இருக்கிறது. ஓட்டுவது அம்மா. அப்பாவுக்குத் தபால் ஆபீஸ் தெருமுனையில், நடந்தே போவார். அம்மா நர்ஸ். ஊரின் அந்தக் கோடியில் ஆஸ்பத்திரி. அந்த இன்ஜின் தும்மினால் எந்தப் பக்கம் சளி என்று அம்மாவுக்குத் தெரியும்.

“குண்டு,” என்றாள் அம்மா. அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாள். அப்பா துடைப்பக்குச்சிக்கு அண்ணன் மாதிரி இருப்பார். அது வேறு விஷயம். “வண்டிக்கு வயசாச்சுப்பா. இருபது-அம்பதுதான் தாங்கும். கெட்டி ஆயில்.”

“ஃபாபியான் இதைத்தான் போடறான்.”

ஃபாபியான் என் சித்தப்பா, சித்தியின் கணவர். மலைக்கு அந்தப் பக்கம் மினா கிளாவேரோவில் இருக்கிறார்.

“ஃபாபியான் வண்டி புதுசு. இன்னும் சீட்டுல பிளாஸ்டிக் உறையே பிரிக்கல.”

“நல்ல ஆயில்னா எல்லாத்துக்கும் நல்லதுதானே மிர்த்தா?”

“பிறந்த குழந்தைக்குக் குடுக்கறதையே கிழவிக்கும் குடுப்பியா?”

“நீ வண்டி ஓட்டற. நான் வண்டியைப் பத்தி யோசிக்கறேன். வீட்டுல வேலைப் பிரிவினை வேணாமா?”

இந்த இடத்தில் நான் எழுந்து நின்றேன். எழுந்து நிற்காமல் எனக்குப் பேச வராது. மூன்று வருடப் பல்கலைக்கழகம் கற்றுக்கொடுத்தது அது.

“அப்பா! தினமும் ஓட்டறவங்களோட அனுபவத்துக்கு மதிப்பில்ல, போன்ல பேசின சித்தப்பாவோட அபிப்பிராயத்துக்கு மதிப்பு. ஏன்? அவர் ஆம்பளை. இது அறிவின் மேல நடத்தற அத்துமீறல்!”

“மிலி, உன் மிலனேசா ஆறுது.”

“பேச்சை மாத்தாதீங்க! வர்ற சனிக்கிழமை மலை ஏறணும். போன வருஷம் ஏத்தத்துல ஆயில் எச்சரிக்கை விளக்கு எரிஞ்சுது. இன்னொரு தடவை எரிஞ்சா இன்ஜின் மலையிலயே குடியேறிடும்னு மெக்கானிக் சொன்னாரு. அம்மாவுக்கு வருஷத்துல கிடைக்கறது ஒரே வாரம். சித்தி வீடு, ஆத்துல கால் நனைக்கறது, அவ்வளவுதான். அதையும் உங்க தங்க டின்னுக்குப் பலி குடுக்கணுமா?”

என் வாதம் குறையே இல்லாதது. அதுதான் அதன் குறை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அப்பாவின் தாடை ஒரு திருகு இறுகியது. கடைசியில் சொன்னார்: “ஆர்ச் பிஷப்பே வந்து சொன்னாலும் அஞ்சு-முப்பதுதான்.”

“சரி குண்டு,” என்றாள் அம்மா. “அப்ப அதையே போடு.”

சரியா! அம்மாவின் பின்னாலேயே சமையலறைக்குப் போனேன்.

“எப்படிம்மா சரின்னு சொல்லலாம்? நியாயம் உன் பக்கம்!”

“இருந்துட்டுப் போகட்டும்.”

“உன்னை மாதிரி பொம்பளைங்களாலதான்...”

“மிலி, உனக்கு ஜெயிக்கணும். எனக்கு மலையைத் தாண்டணும். அந்தப் பேரிக்காய் ஜாமை எடுத்துட்டுப் போய் தாந்தேகிட்ட குடு. ஞாயித்துக்கிழமை அசாதோ விருந்துக்கு வரச் சொன்னேன்னு சொல்லு. அதுக்கு முன்னாடி வேலி ஓரமா என்னை ஒரு நிமிஷம் பாக்கச் சொல்லு.”

தாந்தே பக்கத்து வீட்டுக்காரர். ஓய்வுபெற்ற டிராம்போன் வாத்தியக்காரர். ஜாமுக்காக எதையும் செய்வார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது, கரியில் இறைச்சி சுடும் அசாதோவும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பா வேறு மனிதர். கரியடுப்புக்கு முன்னால் இடுக்கியோடு நிற்கும்போது அவர் ஜனாதிபதி, நீதிபதி, தளபதி. அந்த நெருப்பை வேறு யாரும் தொடக்கூடாது, அதைப் பற்றிக் கருத்தும் சொல்லக்கூடாது. இறைச்சி கருகினாலும் எல்லோரும் கைதட்டுவோம். தங்க டின் ஜன்னல் விளிம்பில் மின்னிக்கொண்டிருந்தது. அம்மா தாந்தேக்கு நாற்காலியை அடுப்புக்கு மிக அருகில் போட்டாள்.

தாந்தே அப்பாவின் முன்னால் தொப்பியைக் கழற்றினார்.

“தோன் நோர்பெர்த்தோ, உங்ககிட்ட ஒரு யோசனை கேக்கணும். கேக்கலாமா?”

“கேளுங்க தாந்தே.”

“என் பழைய பெஜோ காருக்கு என்ன ஆயில் போடறது? என் அக்கா பையன் என்னமோ மெல்லிசு சிந்தெடிக்குங்கறான். அஞ்சு-முப்பதாம்.”

அப்பாவின் இடுக்கி ஆகாயத்தில் நின்றது.

“உங்க அக்கா பையன் என்ன வேலை பாக்கறான்?”

“ஃபிட்னஸ் டிரெய்னர்.”

“அதானே பாத்தேன்! தாந்தே, உங்க வண்டியை நீங்க கொல்லணும்னா நேரா கடப்பாரையாலயே அடிச்சிடுங்க. மெல்லிசு ஆயிலாம்! பழைய இன்ஜின்னா என்ன? உள்ள எல்லாம் தேஞ்சு இடைவெளி விழுந்திருக்கும். அந்த இடைவெளியில நிக்கக் கெட்டியா ஒண்ணு வேணும். தண்ணி மாதிரி ஊத்தினா?”

“ஊத்தினா?”

“மேல போனது எரிஞ்சு நீலமாப் புகையும்! கீழ வந்தது ஒழுகும்! ஏத்தத்துல அழுத்தம் விழுந்து விளக்கு எரியும்!”

“ஐயோ, அப்படியா குண்டு?” என்றாள் அம்மா, சாலட் கிண்ணத்தோடு.

“இன்னும் இருக்கு! இந்தப் புது ஆயில் உள்ள போய் அத்தனை வருஷத்து அழுக்கையும் கழுவித் தள்ளிடும். சுத்தமாயிடுச்சேன்னு சந்தோஷப்படாதீங்க. அந்த அழுக்குதான்யா ஒழுகற ஓட்டையெல்லாம் அடைச்சு வச்சிருந்துது! இருபது-அம்பது, மினரல். வேற பேச்சே இல்ல.”

நான் வாயைத் திறந்தபடி இருந்தேன். இதில் பாதிக்கு மேல் அம்மா வருடக்கணக்காகச் சாப்பாட்டு மேசையில் சொல்லிவந்த வாக்கியங்கள். ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. ஆட்சேபிக்க எழுந்தேன். அம்மா என் தட்டில் ஒரு சொரிசோ சாசேஜை வைத்து என்னை உட்காரவைத்தாள்.

தாந்தே கைதட்டினார். பிறகு அப்பாவியாகக் கேட்டார்: “அப்ப, உங்க ரெனோவுக்கும் அதுதானே?”

அடுப்பில் கொழுப்பு சொட்டி, சுர்ரென்றது. அப்பாவின் கண் மெல்ல ஜன்னல் பக்கம் போனது. தங்க டின் பளிச்சென்று சிரித்தது.

“பின்ன?” என்றாள் அம்மா. “அந்த டின்னு ஃபாபியானுக்கு. சனிக்கிழமை வெறுங்கையோட போகக்கூடாதுன்னு நோர்பெர்த்தோ முன்னாடியே வாங்கி வச்சுட்டாரு. அவரு எதையும் யோசிச்சுத்தான் செய்வாரு.”

“யோசிச்சுத்தான்,” என்றார் அப்பா. நிம்மதியில் ஆளே குண்டாகிவிட்டார். மிகப் பெரிய இறைச்சித் துண்டு தாந்தேயின் தட்டுக்குப் போனது.

பாத்திரம் கழுவும்போது அம்மாவின் காதில் கேட்டேன்: “அம்மா, தாந்தேயோட வண்டி செங்கல் மேல நிக்குது. அதுல இன்ஜினே கிடையாது. கோழி முட்டை போடுது.”

“ஆமா.”

“அது அப்பாவுக்கும் தெரியுமே!”

“தெரியும். யோசனைன்னு யாராவது கேட்டுட்டா, ஞாபகம் வராது.”

எனக்குக் கொதித்தது. உண்மை வெல்ல இப்படி ஒரு சந்து வழியா? நேராகப் பேசித் தோற்பதில் ஒரு கண்ணியம் இல்லையா? இதைத்தான் கேட்டேன். அம்மா, “இருக்கு. அந்தக் கண்ணாடி டம்ளரைத் துடை,” என்றாள்.

வெள்ளிக்கிழமை அடுத்த நெருக்கடி. இருபது-ஐம்பது வாங்கியாகிவிட்டது. ஆனால் ஆயில் மாற்றும் கடைக்காரர் விடுமுறைக்குக் கடலைப் பார்க்கப் போய்விட்டார். ஜனவரியில் இந்த ஊரில் வெயில் மட்டும்தான் வேலைக்கு வரும். அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றி நடந்தார். நான் மர நிழலில் தெக்கார்த்தின் தத்துவப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன்.

“அடியில இருக்கற நட்டைக் கழட்டணும்,” என்றார் பொதுவாக. “ரொம்ப இறுக்கம். சே, ஒரு பையன் இருந்திருந்தா... இதெல்லாம் பொண்ணுங்களால ஆகாது.”

புத்தகத்தை மூடினேன். பெண்ணிய எழுத்தாளர் சிமோன் முதல் சித்தி வரை மேற்கோள் காட்டி நான் ஆற்றிய உரை தெருக்கோடி வரை கேட்டதாகத் தாந்தே பிறகு சொன்னார். பேசிக்கொண்டே தரையில் அட்டையை விரித்தேன். பேசிக்கொண்டே வண்டிக்கு அடியில் போனேன். நட்டு திரும்பியபோது வாயை மூடினேன், ஏனென்றால் ஆயில் வந்துகொண்டிருந்தது. கரேலென்று, சுடச்சுட, முழங்கை வரை. புது ஆயிலை ஊற்றி, அளவுக் கம்பியை உருவி, மேல் கோட்டில் நிற்பதை அப்பாவின் மூக்குக்கு நேரே காட்டினேன்.

“அட!” என்றார் அப்பா. மிகவும் ஆச்சரியப்பட்டார். கொஞ்சம் அதிகமாகவே.

சனிக்கிழமை மலை ஏறினோம். அம்மா ஓட்டினாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து மாத்தே டீ ஊற்றித் தந்தபடி இருபது-ஐம்பதைத் தான் கண்டுபிடித்த வரலாற்றைச் சொல்லிக்கொண்டு வந்தார். விளக்கு எரியவில்லை. புகையில்லை. உச்சியில் வண்டியை நிறுத்தியபோது கீழே பள்ளத்தாக்கில் மேகம். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் காற்றில் கையை விரித்தாள். எனக்கே கோபம் வரவில்லை.

“மிலி,” என்றார் அப்பா, மனம் இளகி. “உண்மையைச் சொல்லிடறேன். பொண்ணுங்களால ஆகாதுன்னு நான் நினைக்கவே இல்லம்மா. உங்கம்மாதான் அப்படிச் சொல்லச் சொன்னா.”

அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று, தட்டையாகிக் கிடந்த டயரைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஐயோ பாவம்,” என்றாள். “டயர் மாத்தறது மட்டும் பொண்ணுங்களால நிச்சயமா ஆகாது.”

எல்லாம் எனக்குப் புரிந்தது. முழுக்கப் புரிந்தது.

“ஜாக்கி எங்க இருக்கு?” என்றேன்.