கூட்டத்தின் முதல் ஆள்

பெங்களூர் பிரேசர் டவுனில் இன்றைக்குக் கூட்டம் அலைமோதுகிற எந்தக் கடையை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டத்தின் முதல் ஆள் பப்ளிசிட்டி சார்தான். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஏதோ ஒரு சோப்புக் கம்பெனியில் சேல்ஸ் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர். மனைவி காலமாகிவிட்டார். மகள் ஆஸ்திரேலியாவில். வீட்டில் பேச ஆளில்லாத மனுஷர், கடை கடையாக ஏறி இலவச ஆலோசனை வழங்கிக்கொண்டிருந்தார்.

"காலியா கீற கடையில எவனும் நுழைய மாட்டான்ப்பா. மொதல்ல ஒருத்தன் நிக்கணும். அவனைப் பாத்துத்தான் நாலு பேர் நிப்பான்" என்பார். அந்த ஒருத்தன் எப்போதும் அவரேதான். சட்டையை இன் பண்ணிக்கொண்டு, கையில் பையோடு, ஈ ஓட்டுகிற கடை வாசலில் வந்து நிற்பார். ரயிலுக்கு நேரமானவர் போல அடிக்கடி கடிகாரத்தைப் பார்ப்பார்.

புதிதாகத் திறந்த பேக்கரிக்கு இப்படி நின்றார். பின்னால் தெருவே நின்றது. பேக்கரிக்காரர் வெளியே வந்து, இன்னும் அடுப்பே பற்றவைக்கவில்லை என்றார். லேடீஸ் டெய்லர் வாசலில் நின்றபோது பின்னாலிருந்த அம்மாள், "யாருக்கு சார் ப்ளவுஸ்?" என்று கேட்க, சார் கொஞ்சமும் அசராமல், "ஃபிட்டிங் பிரமாதம்மா" என்றார். சவப்பெட்டிக் கடையையும் அவர் விடவில்லை. கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தயவுசெஞ்சு போயிடுங்க சார். நீங்க அளவு குடுக்க வந்துக்கீறீங்கன்னு நெனைச்சிக்கினு போறாங்க."

பிறகு, கோலார் தங்கவயலிலிருந்து வந்த செல்வியும் அவள் கணவனும் எங்கள் தெருமுனையில் டிபன் கடை போட்டார்கள். ஆரம்பத்தில் அங்கே நாங்களும் ஈக்களும்தான். சார் தினமும் வந்து ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, தெருவுக்கே கேட்கும்படி சட்னியைப் புகழ்வார். செல்வி அவருக்கு மட்டும் தோசையை முறுகலாகக் கொண்டுவந்து வைத்து, "ராத்திரி சாப்டீங்களா சார்?" என்று கேட்பாள். அவரை அப்படிக் கேட்க பெங்களூரில் வேறு யாரும் இல்லை.

கடை பிய்த்துக்கொண்டு போனது. சார் அடுத்த ஆலோசனையை எடுத்துவிட்டார்.

"செல்வி, ஞாயித்துக்கெழம சிங்கிளா வர்றவனுக்கு டேபிள் குடுக்காதே. பார்சல் கட்டிக் குடு. டேபிள் ஃபேமிலிக்குத்தான்."

அந்த ஞாயிறே அது அமலுக்கு வந்தது. சர்ச் விட்டு வந்த கூட்டம் வாசல்வரை நின்றது. புதிதாகச் சேர்ந்திருந்த சர்வருக்குச் சாரை அடையாளம் தெரியவில்லை.

"சிங்கிளா சார்? பார்சல்தான். ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

அடுப்படியில் தோசைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த செல்வி இதைப் பார்க்கவில்லை.

"கரெக்ட்! இப்டித்தான் ஸ்ட்ரிக்டா இருக்கணும்!" என்று சர்வரின் முதுகில் தட்டிக்கொடுத்தார் சார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு எதிர்ப்புறம் போனார். யாரோ ஒருவருடைய ஸ்கூட்டர் சீட்டில் அதைப் பிரித்து வைத்து, நின்றபடியே சாப்பிட்டார். என் மனைவி, மகளோடு உள்ளே உட்கார்ந்திருந்த நான் தோசையைப் பாதியில் விட்டுவிட்டு அவரிடம் போனேன்.

செல்வியிடம் சொல்கிறேன் என்றதற்குப் பதறிவிட்டார்.

"அய்யோ, சொல்லாதேப்பா! எனக்காக ரூலை மாத்துனா யாபாரம் கெட்டுடும்."

மறு ஞாயிறு வாசலிலேயே அவர் கையைப் பிடித்து எங்களோடு நிறுத்திக்கொண்டேன். "எத்தனை பேர்?" என்றார் சர்வர்.

"ஃபேமிலி. நாலு பேர்" என்றேன்.

சார் எங்களோடு உள்ளே வந்து உட்கார்ந்தார். பாதி தோசை உள்ளே போன பிறகுதான் குரல் வந்தது.

"சீக்கிரம் சாப்டுங்கப்பா. வெளிய ஃபேமிலிங்க நிக்குது."

"நிக்கட்டும் சார்" என்று என் மனைவி அவருக்கு இன்னொரு வடை சொன்னாள்.

எங்காவது ஒரு காலிக் கடைக்கு நிற்கப் போய்விடுகிற ஞாயிறுகளில் மட்டும் அவர் எங்களோடு வருவதில்லை. அன்றைக்கு அந்த மேஜை எங்கள் மூன்று பேருக்கும் ரொம்பப் பெரிதாக இருக்கிறது.