எண்ணெய்க் கையோடு நடத்திய பாடம்

குற்றாலத்துக்குப் போய் எண்ணெய் தேய்க்காமல் திரும்ப எனக்கு மனசு வராது. பள்ளிக்கூட வேலையாகப் போயிருந்தாலும் சரி. அந்தப் புத்திதான் என்னைச் சந்தி சிரிக்க வைத்தது.

கீழப்பாவூர் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். ஸ்மார்ட் போர்டு வந்து இறங்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சீசனில் அருவி முன்னால் நின்று வீடியோ காலில் ஆற்றல் மாற்றம் நடத்துகிறேன் என்று தலைமையாசிரியையிடம் மன்றாடி அனுமதி வாங்கினேன்.

"அதிகாரி வந்து பாக்காங்க சார். சொதப்புனா இனிமே சாக்பீஸ் மட்டுந்தான்" என்று சொல்லி அனுப்பினார்.

வகுப்பு பத்து மணிக்கு. நான் எட்டரைக்கே போய், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மசாஜ் பெஞ்சில் உட்கார்ந்தேன். (சும்மா நிக்கதுக்கு எண்ணெயில ஊறவாவது செய்யலாம்லா!) ஒன்பதரைக்கே போன் அலறியது. அதிகாரி முன்னாடியே வந்துவிட்டாராம். எனக்கும் மசாஜ்கார அண்ணாச்சிக்கும் கையெல்லாம் எண்ணெய். பக்கத்து டீக்கடைக்காரர்தான் ஓடிவந்து வீடியோ காலை இணைத்துப் போனை என் கையில் கொடுத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு பாலத்துக்கு ஓடினேன்.

குளிக்கிறவர்கள் தெரியாதபடி போனை உயர்த்திப் பிடித்தேன். பேரருவி மலையையே பெயர்த்துக்கொண்டு இறங்கியது. பிறந்ததிலிருந்து பார்க்கிற அருவிதான். ஆனால் உச்சியில் நிற்கிற தண்ணீருக்கு நிலையாற்றல், விழ விழ இயக்க ஆற்றல் என்று சொல்லிக்கொண்டே பார்த்தபோது, அடேயப்பா, இவ்வளவையும் இத்தனை நாள் தலையில் வாங்கிக்கொண்டா நின்றோம் என்று மலைத்துப்போனேன். சாரலில் வானவில் வேறு. போனுக்குள் நாற்பது பிள்ளைகளும் மூச்சுக்காட்டவில்லை. (என் வகுப்பில் அப்படியொரு அமைதியை நான் கண்டதே கிடையாது.)

"அவ்வளவுதான் பிள்ளைகளா" என்று சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். எண்ணெய் விரலைப் போன் மதிக்கவில்லை. கண்ணாடி இல்லாத எனக்கு அது தெரியவுமில்லை. திரும்பி வந்து, போனை எண்ணெய்ப் பாட்டிலில் சாய்த்துவைத்துச் சட்டையைக் கழற்றிக் குப்புற விழுந்தேன்.

"அண்ணாச்சி, நல்லா அடியும். எங்க ஹெச்.எம். அம்மா மனசைக் கரைக்க குத்தாலத்தையே தூக்கிட்டுப் போக வேண்டியிருக்கு!"

முதுகில் பளார் பளாரென்று விழுந்தது. "ஆ... அங்கனதான், அங்கனதான்" என்று முனகிக்கொண்டிருந்தேன். அப்போது பாட்டில் பக்கமிருந்து ஒரு குரல்.

"சார், அந்த அண்ணாச்சி தேய்க்கது உங்க முதுகுல சூடா மாறுதுல்லா? அதுவும் ஆற்றல் மாற்றந்தானே?"

முத்துச்செல்வி! 'உள்ளேன் ஐயா' தவிர அதுவரை வாயே திறக்காத பிள்ளை. துண்டைத் தேடுவதா, பதில் சொல்வதா?

"சரிதான்ட்டி" என்றேன், படுத்தபடியே.

"அடிக்கும்போது சத்தம் வருதே சார், அது ஒலி ஆற்றல்!" என்று இன்னொருத்தன். அப்புறம் வகுப்பே கத்தியது. மானம் போன அந்த நேரத்திலும் எனக்குப் புல்லரித்தது. பத்து வருஷம் கரும்பலகையில் தொண்டை கிழியக் கத்தியும் இப்படியொரு கேள்வி வந்ததில்லை.

"சார், முதல்ல சட்டையைப் போடுங்க" என்றது தலைமையாசிரியையின் குரல். பின்னால் அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, வாரம் ஒரு வகுப்பு இப்படி நடத்தச் சொல்லிவிட்டுப் போனார்.

முத்துச்செல்வி இப்போது கல்லூரியில் இயற்பியல் படிக்கிறாள். சந்தேகம் கேட்க வீடியோ காலில் வருவாள். போனை முதலில் எடுப்பது என் மனைவிதான்.

"செத்த இரு தாயி, உங்க சார் சட்டை போட்டுட்டு வாராங்க."