ஏ மைனரில் ஒரு கல்யாணம்

நிர்மலா சொன்ன வோல்டேஜ் கதையில் எனக்குப் பல வருஷமாகச் சந்தேகம். வெளியே சொன்னதில்லை. என் அக்கா மகள் பிளசியின் கல்யாணத்தன்று, மாதா கோயிலில் நான் வாசித்துக்கொண்டிருந்த கீபோர்டு பாதிப் பாட்டில் ஊமையாகிவிட்டது. காரணம் லோ வோல்டேஜ் என்றாள் என் மனைவி.

நான் அதியமான்கோட்டையில் மோட்டார் காயில் கட்டுகிறவன். இந்த வட்டாரத்தில் வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும், கருகிப்போன மோட்டாராக என் கடைக்குத்தான் வந்து சேரும். அப்படிப்பட்டவனிடம் வோல்டேஜ் கதை சொல்லித் தப்பித்த ஒரே ஆள் நிர்மலாதான். தப்பிக்க விட்டவன் நான். வெட்கம் அதில்தான் இருக்கிறது.

எங்கள் கோயில் பாடகற்குழுவுக்கு அவள்தான் தலைவி. வீட்டிலும் அப்படித்தான். கோயிலில் மைக் உண்டு, அவ்வளவே வித்தியாசம். அந்த வருஷம் சாம்பல் புதனன்று, நெற்றியில் பூசிய சாம்பல் காய்வதற்குள் ஒரு தீர்மானம் எடுத்தேன். தவக்காலத்துக்கு மற்றவர்கள் கறியை விட்டார்கள். நான் நிர்மலாவுக்குப் பின்னால் நடப்பதை விட்டேன். இனிமேல் குழு என் விரலுக்குப் பின்னால் வரும்.

கீபோர்டு வாங்கினேன். போனில் பாடம் பார்த்தேன். வெள்ளைக் கட்டைகளை மட்டும் தொடுவேன். கருப்புக் கட்டைகள் எனக்கு ஹைடென்ஷன் கம்பி மாதிரி. எந்தச் சுருதியில் பாடினாலும் ட்ரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கினால் போதும், பெட்டியே சுருதியை ஏற்றி இறக்கிக்கொள்ளும். விரல் தன் பாட்டுக்கு வெள்ளையிலேயே ஓடும்.

ஒருநாள் போனில் பாடம் எடுத்த தம்பி ஒரு ரகசியத்தை உடைத்தார். சந்தோஷப் பாட்டுக்கு சி மேஜர், சோகப் பாட்டுக்கு ஏ மைனர், ஆனால் இரண்டுக்கும் அதே ஏழு வெள்ளைக் கட்டைகள்தானாம். பாடத்தை அங்கேயே நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போனேன். மீதி எனக்குத் தேவைப்படவில்லை.

"நிர்மலா, மேஜர் மைனருன்னு நீங்கள்லாம் ஊரை ஏமாத்திட்டு இருக்கீங்க. ரெண்டும் ஒண்ணுதான்."

அவள் பீர்க்கங்காய் சீவிக்கொண்டிருந்தாள். "அப்பிடியா?"

"கட்டை அதே ஏழு."

"கட்டை ஏழுதாங்க. பாட்டு சுத்திட்டு வந்து எங்க உக்காருதுன்னு பாக்கணும்ல?"

"எங்க உக்காந்தா என்ன?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "கிறிஸ்மஸுக்கு நம்ம வூட்டுல எத்தன பேரு சாப்புட்டோம்?"

மாமனார், மாமியார், மச்சான், அவன் மனைவி, எங்கள் மகன், நாங்கள் இருவர். "ஏழு."

"மறுநா மாரண்டஹள்ளியில, எங்கம்மா வூட்டுல?"

"அதே ஏழு."

"நம்ம வூட்டுல நீங்க எப்பிடி இருந்தீங்க?"

கட்டிலில் சாய்ந்தபடி மூன்றாவது தடவை கறி கேட்டேன். வாழ்நாளெல்லாம் தக்காளி பயிரிட்ட மாமனாருக்குத் தக்காளி போடுவது எப்படி என்று விளக்கினேன்.

"எங்கம்மா வூட்டுல?"

அங்கே உப்பு வேண்டுமென்றாலும் நிர்மலாவின் காதில்தான் சொல்வேன்.

"ஆளு அதே ஏழுதாங்க. வூடு யாருதுங்கறதுதான் விசயம். பாட்டு சி-யில வந்து உக்காந்தா உங்க வூடு. ஏ-வுல உக்காந்தா எங்கம்மா வூடு."

"அது குடும்பம். இது மியூசிக்."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பீர்க்கங்காயை எடுத்தாள். நிர்மலா விவாதத்தை விட்டுக்கொடுக்கும்போதுதான் நான் பயந்திருக்க வேண்டும். ஜெயித்துவிட்டேன் என்று காபி கேட்டேன்.

ஈஸ்டர் முடிந்த கையோடு கல்யாணம். தவக்காலம் முழுக்கச் சிலுவைப்பாடுகளின் சோகப் பாட்டுகளையே வாசித்துப் பழகியதில் என் இடது கை ஏ மைனரில் குடியேறியிருந்தது. ஆண்டவர் உயிர்த்தெழுந்துவிட்டார். என் இடது கை எழவில்லை. எழுப்பவேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை. அதே ஏழு கட்டைதானே?

பிளசி வாசலில் நின்றாள். குழு துள்ளலாகப் பவனிப் பாட்டை எடுத்தது. அதற்கு அடியில் நான் ஏ மைனரைப் பரப்பினேன். பாட்டு ஒவ்வொரு தடவை சி-க்கு வரும்போதும் நான் அதைக் கையைப் பிடித்து ஏ-வுக்கு இழுத்துப்போனேன். முதல் வரியில் பிளசியின் நடை தளர்ந்தது. இரண்டாம் வரியில், சவப்பெட்டிக்குப் பின்னால் நடக்கிறவள் மாதிரி ஆகிவிட்டாள். சிரித்துக்கொண்டிருந்த என் அக்கா ராயம்மாள் முந்தானையை வாயில் வைத்துக் குலுங்கினாள். ஓசூரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். யார் தவறிப்போனது என்று கேட்டாராம், பிறகு சொன்னார்கள்.

இவ்வளவு கண்ணீரைப் பார்த்த எனக்கு வாசிப்பில் வெறி ஏறியது. ஆளை உருக்குகிற வித்தை நம் கையில் இருக்கிறதே என்று இன்னும் ஓங்கி அழுத்தினேன். அப்போதுதான் கீபோர்டு செத்தது. எதையோ கீழே போட்டு, ப்ளக் பக்கம் குனிந்து எடுத்த நிர்மலா நிமிர்ந்துகொண்டிருந்தாள். கைதட்டிப் பாட்டை மறுபடி தொடங்கினாள். வாத்தியம் இல்லாத அந்தப் பாட்டு நேராக சி-யில் போய் உட்கார்ந்தது. பிளசி நிமிர்ந்து நடந்தாள். பெரியப்பாவும் தாளம் போட்டார்.

"லோ வோல்டேஜ்ங்க" என்றாள் நிர்மலா, பூசை முடிந்ததும். "கீபோர்டு நைசான ஐட்டம். மொதல்ல அதுதான் படுக்கும்."

வோல்டேஜ் இறங்கினால் முதலில் ஃபேன் தளரும். அன்று பிளசியின் தலை முக்காட்டைக் கொசுவலை மாதிரி தூக்கி அடித்தது கோயில் ஃபேன். இதை அவளிடம் சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு, வோல்டேஜ் இல்லையென்றால் வேறு என்ன என்று யோசித்தேன். மூடிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு எனக்கு ஒரு பரிசு. கருப்பு நிறத்தில், பஞ்சு வைத்த பெரிய ஹெட்போன். பெரிய கச்சேரிக்காரர்கள் எல்லாம் காதில் மாட்டிக்கொண்டுதான் வாசிக்கிறார்கள் என்றாள். வெளியே சத்தம் போகுமா என்று கேட்டேன். அது தனி ஒயரில் போய்விடும், அதையெல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள் என்றாள். நான் அதை மாட்டிப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் வைத்தேன். போனில் ஹெட்போன் செருகினால் வெளிச்சத்தம் நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததை நினைக்காமலிருப்பதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும்.

வருஷங்கள் ஓடின. ஞாயிறுதோறும் வாசித்தேன். குழு பிசகாமல் பாடியது. என் விரலுக்குப் பின்னால்தான் வருகிறது என்று இருந்தேன்.

போன கிறிஸ்மஸுக்கு மறுநாள் மாரண்டஹள்ளியில் சாப்பிட உட்கார்ந்தோம். அதே ஏழு பேர். மாமனார் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். ரசத்தில் உப்பில்லை. நான் நிர்மலாவின் காதுப் பக்கம் சாய்ந்தேன். சாய்ந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். முந்தின நாள் என் வீட்டில் இதே ரசத்துக்கு நான் போட்ட சத்தம் என்ன? நான் இப்போது உட்கார்ந்திருப்பது ஏ மைனரில்.

வீட்டுக்கு வந்ததும் கீபோர்டைத் திறந்து பவனிப் பாட்டை வாசித்தேன். அதே ஏழு கட்டை. இந்தத் தடவை பாட்டு போகிற வீட்டுக்கு அதை விட்டேன். சி-யில் போய் உட்கார்ந்தது. பிளசி கல்யாணத்தில் நான் செய்தது என்னவென்று அப்போதுதான் காதால் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் சரியாக வாசித்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. நிர்மலா திரும்பிப் பார்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். பார்க்கவில்லை. ஒரு மாதிரி இருந்தது. அடுத்த பாட்டில் வேண்டுமென்றே ஏ மைனரை வைத்தேன். யாரும் அழவில்லை. கருப்புக் கட்டைகளை வைத்தேன். ஒரு தலை திரும்பவில்லை. கடைசியில் முழங்கையை ஊன்றி ஒரே அழுத்து. என் காதில் இடி விழுந்தது. முன்வரிசையில் தூங்கிய குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தது.

பூசை முடிந்து நிர்மலா மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அந்த வோல்டேஜைப் பற்றிக் கேட்டுவிடலாம் என்று பக்கத்தில் போனேன். அது இப்போது சின்ன விஷயமாகத் தெரிந்தது. ஹெட்போனைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டேன்:

"ஏம்மா, பிளசி கல்யாணத்துக்கு அப்புறம் நான் வாசிச்சது என்னைத் தவிர யாருக்காச்சும் கேட்டிருக்குமா?"