பெட்ரோல் வாடையும் மாமியார் வருகையும்

என் மாமியார் காளியாயி ஒரு மாசம் வந்து தங்கப் போகிறார் என்று தெரிந்த அன்றே சபதம் எடுத்தேன். என் வேனில் அவர் கால் வைக்கக் கூடாது!

சாதாரண வேனா அது? பழசுதான். ஆனால் உள்ளே படுக்கை, குட்டி அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. ரிட்டையர் ஆனதும் வாங்கினேன். பச்சைமலையில் தனியாக நிறுத்திப் படுத்துக்கொண்டே மேகம் பார்க்க வேண்டும். அதுதான் என் லட்சியம்.

என் மனைவி மணிமேகலையின் லட்சியம் வேறு.

"உப்பிலியபுரம் போயி அம்மாவைக் கூட்டிட்டு வந்துருங்க. படுத்துக்கிட்டே வரட்டும். பாவம், முட்டி வலி."

கோயில் கொண்ட அரங்கப் பெருமாள் என் பக்கம் இருந்தார். அன்று டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டுக்கொண்டு ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வந்தால், வேனுக்குள் குப்பென்று வாடை. அடியில் படுத்துப் பார்த்தேன். பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்குப் போகும் ரப்பர் ஹோஸில் வெடிப்பு. கண்டுபிடித்தது நான். மறைத்ததும் நான். தீப்பிடிக்குமோ என்ற பயத்தில், ஹோஸ் வரை ஏறாதபடி பாதிப் பெட்ரோலை மட்டும் வடித்து வைத்தேன்.

"எதுனாலங்க நாறுது?"

"கார்புரேட்டரா இருக்கலாம். பம்பா இருக்கலாம். டேங்கே ஓட்டையா இருக்கலாம். ஆராய்ச்சி பண்ணணும்."

"எவ்வளவு நாளு?"

"மூக்கு விஷயம் மேகலை, அவசரப்படக் கூடாது. அம்மா வரும்போது தீப்பொறி பட்டுச்சுன்னா? எனக்கு இருக்கிறது ஒரே மாமியார்!"

"அந்த அடுப்பைப் பத்த வச்சிராதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதன் பிறகு தினமும் வேனுக்கடியில் ஆராய்ச்சி. நல்ல நிழல். குறட்டை மட்டும் வெளியே கேட்காமல் பார்த்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஆட்டோ நின்றது. இறங்கியவர் மாமியார்.

"வாங்க அத்தை... எப்படி வந்தீங்க?"

"பஸ்லதான் மாப்ளே. குலுக்கின குலுக்குல முட்டி கழண்டுபோச்சு. இனிமே பஸ்ஸே ஆகாது. உங்க வண்டி சரியானதும் அதுலயே ஊருக்குப் போயிக்கிறேன்."

"அவசரமே இல்லம்மா" என்றாள் மணிமேகலை. "அவரு நிதானமாத்தான் மோந்து பாப்பாரு."

வேன் சரியாகாவிட்டால் அத்தை ஊருக்கே திரும்ப மாட்டார்! அன்றைக்கே ஆளைத் தேடி, பாலக்கரை ஹனீஃபா பட்டறைக்கு வேனை விட்டேன். புது ஹோஸ் மாட்டி, கிளிப்பை முறுக்கினார். டேங்கை நிரப்பிப் பார்த்தோம். சொட்டுக்கூடக் கசியவில்லை. விசிலடித்துக்கொண்டே வீடு வந்தேன்.

"வாடை போயிருச்சு! ஹோஸ்ல வெடிப்பு."

"அது முதல் நாளே உங்களுக்குத் தெரியுமே?" என்றாள் மணிமேகலை.

"எ... எப்படிச் சொல்ற?"

"டேங்க் நெறஞ்சா நாறுது. நீங்க உடனே பாதியை வடிச்சீங்க, நாத்தம் கொறஞ்சுது. எங்க கசியுதுன்னு தெரியாதவரு கணக்கா பாதியை எதுக்குங்க வடிக்கணும்? அதான் அம்மாவை பஸ் ஏறச் சொன்னேன்."

மூக்கறுபட்டதைக் காட்டிக்கொள்ளாமல் மாமியாரிடம் திரும்பினேன்.

"அத்தை, நாளைக்கே ஊருக்குக் கிளம்பிரலாம்!"

"ஊருக்கென்ன அவசரம் மாப்ளே? மொதல்ல ராமேஸ்வரம். அப்படியே திருச்செந்தூர், கன்னியாகுமரி. மேகலை எல்லாம் சொல்லிட்டா."

"படுக்கை நம்ம ரெண்டு பேருக்கும் தாராளமா போதும்மா" என்றாள் மகள்.

"அப்ப நான் எங்க படுக்கிறது?"

மணிமேகலை சாவியை என் கையில் வைத்து அழுத்தினாள்.

"வண்டி ஓட்டுறவரு தூங்கலாமாங்க?"