தலைகீழாக அச்சான எங்கள் பென்குயின்

பர்னி, டாஸ்மேனியா.

‘தென்கடல் லேஸ்’ காலாண்டிதழின் ஆசிரியர் திருமதி கிம்ப்டன் அம்மையார் அவர்களுக்கு, பர்னி துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற டெஸ்மண்ட் பைபஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும், இதழுக்காக உழைக்கும் மற்றவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம். என் மனைவி நோரீனும் நலம்தான் என்று நினைக்கிறேன், அவள் என்னோடு பேசாததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பேசாததற்குக் காரணம் தங்கள் புதிய இதழின் நடுப்பக்கம். அதில் நாங்கள் நூலால் பின்னிய லேஸ் பென்குயினை முழுப்பக்கப் படமாகப் போட்டிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் தலை கீழே இருக்கிறது, கால் மேலே இருக்கிறது. அடியில் ‘டெஸ்மண்ட் பைபஸின் கைவேலை’ என்று மட்டும் அச்சாகியிருக்கிறது. நோரீனின் பெயர் எங்குமே இல்லை. நடந்தது தெரிந்தால் இது எவ்வளவு பெரிய வம்பு என்று தங்களுக்கே புரியும், அதனால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

‘உங்கள் ஊர்ப் பறவை’ என்று தாங்கள் லேஸ் பின்னல் போட்டி அறிவித்த அன்றே நோரீன் பென்குயின் என்று முடிவு செய்துவிட்டாள். எங்கள் கடற்கரைப் பாறை இடுக்கில் குட்டைப் பென்குயின்கள் குடியிருக்கின்றன. அவளே மாதிரி வரைந்து, லேஸ் பின்னும் திண்டின்மேல் பொருத்தி, நூல் சுற்றிய நாற்பது ஜோடிச் சிறு கட்டைகளைத் தொங்கவிட்டுக் கால் பாதமும் வாலும் முடித்திருந்தாள். அப்போது பென்குயின் நடக்கும் அழகை இன்னொரு தடவை பார்த்தால்தான் பின்னலில் வயிறு சரியாக வரும் என்று ஒரு சாயங்காலம் பாறைக்குப் போனாள். பார்த்ததோடு விட்டிருக்கலாம், பின்னாலேயே அதைப் போலவே நடந்தும் பார்த்திருக்கிறாள். பென்குயின் போய்விட்டது, இவள் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடும்போது, வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டதற்கு, “வலி கெடக்கட்டும், போட்டிக்கு மூணு வாரம்தான் இருக்கு” என்று அழுதாள். என் மனைவி அழுது நான் அதிகம் பார்த்ததில்லை, அம்மையாரே. அதனால் யோசிக்காமல் ஒரு வார்த்தையை விட்டுவிட்டேன். “நான் வேணா கை கொடுக்கட்டுமா?” என்றேன்.

“உன் கையா? அது சுத்தியல் மாதிரி இருக்கும், டெஸ்.”

“முப்பது டன் பெட்டியக் கப்பல்ல முட்டைய வைக்கிற மாதிரி எறக்கி வச்ச கை அது.”

மறுநாளே திண்டு என் முன்னால் வந்துவிட்டது. குறுக்கே போடு, முறுக்கு, குண்டூசி குத்து என்று அவள் சொல்லச் சொல்ல நான் கட்டைகளை மாற்றுவேன். முதல் நாள் இரண்டு பேரும் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அப்புறம்தான் எனக்கு ஒன்று தோன்றியது. கிரேனில் நான் மேலே உட்கார்ந்திருக்கும்போது கீழே ஒருவன் நின்று சைகை காட்டுவான், என் கை அதன்படி போகும், ஒரு சொல் பேச மாட்டோம். அந்தச் சைகைகளை நோரீனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். விரல் சுழன்றால் முறுக்கு, பக்கவாட்டில் போனால் குறுக்கு, கையை மூடிப் பிடித்தால் அப்படியே நிறுத்து. அன்றிலிருந்து வீடு அமைதி. இடுப்பு வந்தது, வயிறு வந்தது. காலையில் எழுந்ததும் டீ கூடக் குடிக்காமல் நான் திண்டைத் தேடிப் போகிற அளவுக்கு வந்துவிட்டேன் என்பதை வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

சனிக்கிழமை என் மீன்பிடிக் கூட்டாளி ஸ்னோவி, கையில் மீனோடு கதவைத் தட்டாமல் வந்தான். நான் மேஜைத் துணியைத் தூக்கித் திண்டின்மேல் போட்டேன்.

“என்னடா மூடி வச்சிருக்க, கேக்கா?” என்று துணியைத் தூக்கிப் பார்த்தான். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “துறைமுகத்துல சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான். டேய், அடுத்து கவுன் தைப்பியா?”

“சிரிச்சு முடிச்சாச்சா?” என்றாள் நோரீன். “டெஸ் பென்குயின் கழுத்து வரைக்கும் வந்துட்டான். நீ வலை கிழிஞ்சா அடுத்தவன் கையில குடுத்துத் தைக்கிற ஆளு. பேசாம ஒக்காரு.”

உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “அந்த மூணாவது கட்ட அடியில போயிருக்கணும்” என்றான். நோரீன் குனிந்து பார்த்தாள். அவன் சொன்னது சரி. அவிழ்த்துத் திரும்பப் போட்டோம். அன்று முதல் தினமும் மீனோடு வந்து உட்கார்ந்து, கிரிக்கெட் வர்ணனைபோல என் ஒவ்வொரு கட்டைக்கும் கருத்துச் சொன்னான்.

பக்கத்து ஊரான அல்வர்ஸ்டனின் மன்றத்தில் போட்டி. முடித்த பென்குயினை அங்கே நான்தான் நிற்கிற மாதிரி மாட்டினேன், தங்கள் இதழுக்குப் படமும் எடுத்தார்கள். ஒருவர் கையால் மட்டுமே செய்திருக்க வேண்டும் என்பது விதி என்று அங்கே போனபிறகுதான் படித்தோம். நான் வாயைத் திறக்குமுன் நோரீன் நடுவர் திருமதி ஸ்ப்ராட்டிடம் நேராகப் போய், “கை அவனுது, மூளை என்னுது, வாங்கின திட்டு அவனுது. இப்ப சொல்லுங்க, யாரு செஞ்சது?” என்று கேட்டாள். நடுவர்கள் டீயும் ஸ்கோன் ரொட்டியுமாக ஒரு மூலையில் கூடிப் பேசினார்கள். பரிசு தர விதி இடம் கொடுக்காது, ஆனால் எப்படிச் செய்தீர்கள் என்று காட்டுங்கள் என்றார்கள். அந்த மன்றத்தின் நடுவில், வலது கையைக் கழுத்திலிருந்து துணியில் தொங்கவிட்டுக்கொண்டு நோரீன் இடது விரலை உயர்த்தி நின்றாள், நான் வேறொரு திண்டில் கட்டைகளை மாற்றினேன். ஸ்கோன் தின்பதை நிறுத்திவிட்டு எல்லோரும் எங்களைச் சுற்றி வந்து நின்றார்கள். “இந்த மாதிரி புருஷன் எங்க கெடைக்கும்?” என்று ஒரு அம்மா கேட்டார். “துறைமுகத்துல. இப்ப அங்கயும் எல்லாம் கம்ப்யூட்டர் ஆயிடுச்சு” என்றாள் நோரீன். திரும்பி வரும்போது காரில் வழி முழுக்க அவள் பாடிக்கொண்டு வந்தாள். பரிசு வாங்கிய வருஷங்களில்கூட அவள் பாடியதில்லை.

அப்படி இருந்தவள் தபால்பெட்டியருகே தங்கள் இதழைப் பிரித்து நின்ற இடத்திலேயே வெகுநேரம் நின்றாள். அதோடு பேச்சு நின்றது. இப்போது எல்லாம் சைகைதான். உப்பு வேண்டுமென்றால் ஒரு விரல். நான் சமாதானம் சொல்ல வாயெடுத்தால் மூடிய கைப்பிடி. சொல்லிக்கொடுத்தவனே நான் என்பதால் புரியவில்லை என்று நடிக்கவும் வழியில்லை.

ஆகவே அடுத்த இதழில் அந்தப் பென்குயினை நேராக நிறுத்தி, ‘வடிவமும் வழிநடத்தலும் நோரீன் பைபஸ்’ என்று பெரிய எழுத்தில் திருத்தம் வெளியிடுமாறு மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இனி எங்கள் வீட்டுக்கு இரண்டு பிரதிகள் அனுப்பவும். ஒன்றை வைத்துக்கொண்டு இருவர் படிப்பது நடக்கிற காரியம் இல்லை.

தங்கள் கண் பார்வை குறையாமல், நூல் சிக்காமல், நீடூழி வாழ்க. அச்சுக்கூடத்தாருக்கும் என் அன்பு, அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

இப்படிக்கு,
டெஸ்மண்ட் பைபஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில், நோரீனுக்குத் தெரிந்த ஒரு அம்மா தங்கள் இதழைப் பார்த்துவிட்டு ஹோபார்ட் நகரிலிருந்து போன் செய்தார். எல்லோரும் பென்குயின் என்றால் நிற்க வைத்துத்தான் செய்வார்கள், தண்ணீருக்குள் தலைகீழாகப் பாய்கிற மாதிரி செய்ய எப்படித் தோன்றியது என்று கேட்டாராம். “முதல்லேருந்தே பாயற மாதிரிதான் நெனச்சு வரைஞ்சேன்” என்று நோரீன் சொன்னது என் காதில் விழுந்தது. எனவே படத்தைத் தயவுசெய்து நிமிர்த்த வேண்டாம். திருத்தம் போடுவதானால், பாயும் பென்குயினை வரைந்தவர் நோரீன், மன்றத்தில் அதைத் தவறாக நிற்க வைத்து மாட்டியவர் அவள் கணவர் என்று போடச் சொல்கிறாள். அப்படியே போட்டுவிடுங்கள். ஒரு மணி நேரமாக வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கிறது.