பாலைப்பழத்துக்குப் பூர்வீகம் கேட்டவர்

மரத்தடியில் உதிர்ந்த பழத்தை எடுத்து, ஊதி, வாயில் போட்டுக்கொள்ளத் தெரியாமல், அதன் பெயரையும் பூர்வீகத்தையும் விசாரிக்கிற ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. நீங்கள் நறுவிலி என்றால் அவர் விரிசு என்பார். விரிசுதான் என்று ஒத்துக்கொண்டால், பெரிய விரிசா சின்ன விரிசா என்பார். நீங்கள் அழிஞ்சில் பழத்தை வாயருகே கொண்டுபோனால் கையையே பிடித்துக்கொள்வார். பழத்துக்கும் பசிக்கும் நடுவில் இவருக்கு என்ன வேலை?

இந்த இனத்தின் உத்தமமான உருப்படியை நான் சந்தித்தது, பி.ஏ. தேறிய பெருமையோடு சென்னைக்குப் போன ரயிலில். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஜன்னலோரம் விறைப்பாகத்தான் உட்கார்ந்திருந்தேன். எதிரே ராமமூர்த்தி. தோல் பதனிட ஆவாரம்பட்டை விற்கும் ஆம்பூர் மண்டியில் கணக்கர். பட்டையை எடை போட்டுப் போட்டு, உலகத்து மரமெல்லாம் தம்மைக் கேட்டுத்தான் காய்க்கிறது என்ற முடிவுக்கு வந்திருந்தவர்.

ஜோலார்பேட்டையில் பூவம்மாள் கூடையோடு ஜன்னலுக்கு வந்தாள். ஏலகிரி அடிவாரத்துப் பாலைப்பழம், மஞ்சள் மஞ்சளாக. உச்சி வெயில் ஏறினால் புளித்துவிடும்; வண்டி நிற்கும் நேரத்துக்குள் விற்றால்தான் அவள் வீட்டில் அன்றைக்கு அடுப்பு. தோல் வியாபாரி ஷபீ அஹமது ஒரு தொன்னை வாங்கினார். நான் ஒன்று. பின்னால் இன்னும் நாலு கைகள் நீண்டன.

“இது என்ன பழம்?” என்றார் ராமமூர்த்தி.

“பாலைப்பழம் சாமி.”

“எந்தப் பாலை? வெப்பாலை இருக்கு, ஏழிலைப்பாலை இருக்கு. நீ எதைப் பறிச்சே?”

“நான் இன்னாத்த கண்டேன்? எங்க ஊர்ல அல்லாரும் துன்றோம்.”

“துன்னா ஆச்சா? அதுல ஒண்ணு சொறிக்குத் தடவுற மருந்து.”

ஷபீ அஹமதின் கை பாதி வழியில் நின்றது. “இன்னா சார், துன்னலாமா வேணாமா? பேஜாரா கீதே.”

“பேர் தெரிஞ்சாத்தானே பாய் சொல்ல முடியும்?”

நான் ஒரு பழத்தைத் தின்று காட்டி, நல்ல பழம்தான் என்றேன்.

“தம்பி காலேஜ்ல செடிகொடி சாஸ்திரம் படிச்சீங்களோ?”

“சரித்திரம்.”

“சரித்திரம்,” என்று பெட்டியில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்துச் சொன்னார். அத்தோடு என் பட்டம் செலவாகிவிட்டது.

தொன்னைகள் ஒவ்வொன்றாகக் கூடைக்குத் திரும்பின. பூவம்மாள் அடுத்த பெட்டிக்கு ஓடினாள். அவளுக்கு முன்னால் சொறி மருந்து ஓடியது. அங்கேயும் யாரும் வாங்கவில்லை. வண்டி ஊதும்போது திரும்பி வந்தாள். ராமமூர்த்தி மட்டும், பரிசோதிக்க வேண்டும் என்று ஒரு தொன்னையை வைத்துக்கொண்டிருந்தார்.

“அதுக்குத் துட்டு, சாமி?”

“பேரே தெரியாத சாமானுக்கு விலையா?”

வண்டி நகர்ந்தது. அவளும் கூடவே நடந்தாள். “ஒங்க பேரு இன்னா சாமி?”

“ராமமூர்த்தி. ஏன்?”

“எந்த ராமமூர்த்தின்னு கேட்டுட்டுத்தானா தெனமும் ஊட்ல சோறு போடறாங்க?”

ஷபீ அஹமது சிரித்துவிட்டார். ராமமூர்த்தி சிரிக்கவில்லை, ஆராய்ச்சியில் இறங்கினார். ஒன்று, இன்னொன்று, தொன்னையின் அடியில் கிடந்த நசுங்கலும் போயிற்று. இலையை வழித்து நக்கிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: “உலக்கைப் பாலை. தாராளமாத் தின்னலாம். தேன்.”

“அத்த டேசன்ல சொல்றதுக்கு இன்னா சார்?” என்றார் ஷபீ அஹமது.

ராமமூர்த்தி வாயைத் திறக்கப் பார்த்தார். பாலைப்பழத்தின் பால் உதடுகள் இரண்டையும் ஒட்டிவிட்டிருந்தது. வாணியம்பாடி வரை பெட்டி நிம்மதியாக இருந்தது.

பூவம்மாள் இப்போது சென்னை வண்டிக்கு வருவதில்லை. திருப்பத்தூர் சந்தைக்கு நடக்கிறாள். ராமமூர்த்தி அதே மண்டியில் இருக்கிறார்.

உங்களுக்கு என்ன? ‘உலக்கைப் பாலையா, அது கணுப்பாலை அல்லவா’ என்று நாலு பத்திக்கு முன்பே முணுமுணுத்தீர்களே, காதில் விழுந்தது. பழக்காரிகள் உங்கள் ஜன்னலைத் தாண்டி ஏன் வேகமாகப் போகிறார்கள் என்று இனி யாரையும் கேட்காதீர்கள்.