நாலு நிமிஷ மூக்கு

மூன்று வருடம் ஒரு கல்லூரியில் படித்துவிட்டு, அதற்கப்புறம் நாற்பது வருடமாகியும் அதைவிட்டு வெளியே வராத மனிதர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் கேட்டிருப்பீர்கள், இவர்களைக் கேட்காமல் யாரும் தப்பியதில்லை. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது, கிளினிக்கில் நம்பர் கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்கும்போது, ஏன், இழவு வீட்டில்கூட, பக்கத்தில் இருப்பவர் லேசாக நம் பக்கம் திரும்புவார், தொண்டையைச் செருமுவார், "எங்க காலேஜ்ல..." என்று ஆரம்பிப்பார். அவ்வளவுதான். மாட்டிக்கொண்டோம்.

மலேசியாவிலுள்ள ஈஜோக் என்ற சிற்றூரில் இந்த இனத்துக்குத் தலைவர் சிவானந்தம். வயது அறுபத்து மூன்று. செம்பனை எண்ணெய் ஆலையின் சோதனைக்கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எண்பத்தொன்றாம் வருடம் தோட்டத்து லயத்திலிருந்து கப்பலேறிப் போய், இந்தியாவின் ஒரு பெருநகரத்தில் இருக்கும் பழம்பெரும் அரசாங்க அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு வந்தவர். கல்லூரியின் பெயரை இங்கே சொல்லத் தேவையில்லை. அவரிடம் பஸ் நிலையத்துக்கு வழி கேளுங்கள், போதும். பெயர், கட்டிய ஆண்டு, செங்கல் எந்தச் சூளையில் சுட்டது, மாடிப்படி எத்தனை, எல்லாம் வரும். வழி மட்டும் வராது.

தே தண்ணியைக் கண்ணாடி கிளாசில் கொடுத்தால் அவர் உடனே குடிக்க மாட்டார். கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, மட்டம் பார்த்த பிறகுதான் குடிப்பார். கோல சிலாங்கூர் குன்றிலுள்ள கலங்கரை விளக்கம் நூறு வருடத்துக்கு மேல் பழையது என்று யாராவது பெருமைப்பட்டால், "எங்க காலேஜ் தராசு அதுக்கு அண்ணன்" என்பார். உச்சி வெயிலில் நடக்கும் கல்யாணத்துக்கும் கல்லூரி முத்திரை வைத்த கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு போய், வேர்த்து விறுவிறுத்து, மாப்பிள்ளை எங்கே படித்தவர் என்று விசாரிப்பார். எந்தப் பதில் வந்தாலும் "பாவம்" என்பார். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மூக்கைத்தான் தாங்க முடியாது.

மூக்கின் கதை இதுதான். கடைசி வருடச் செய்முறைத் தேர்வு. ஆளுக்கொரு குப்பியில் பெயர் தெரியாத உப்பு. அது என்ன உப்பு என்று கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் கொடுப்பார்கள். மற்றவர்கள் சூடுபடுத்தி, கரைத்து, வடிகட்டி, அழுதுகொண்டிருந்தபோது, சிவானந்தம் குப்பியைத் திறந்து ஒரே ஒரு தடவை முகர்ந்தார். நாலு நிமிஷம். "பேரியம் குளோரைடு!" வெளியிலிருந்து வந்த தேர்வாளர் எழுந்து நின்று கை கொடுத்தார். பேரியம் குளோரைடுக்கு வாசனையே கிடையாதே என்று வேதியியல் படித்தவர்கள் யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. முணுமுணுக்காதீர்கள். ஈஜோக்கில் நாற்பது வருடமாக ஒருவர்கூட முணுமுணுத்ததில்லை.

முணுமுணுக்காதது மட்டுமா? நம்பிவிட்டார்கள். தேன் அசல்தானா, நெய்யில் கலப்படம் உண்டா என்று டப்பாவோடு வாசலில் வந்து நின்றார்கள். பக்கத்து வீட்டு அமலதாஸ், ஐந்து ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர், லோரியில் உரம் வந்து இறங்கினால் ஒரு பிடி அள்ளிக்கொண்டு நேரே இங்கேதான் வருவார். சிவானந்தம் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, அரை நிமிஷம் யோசித்து, "ம்... நல்ல உரம்" என்பார். செம்பனை காய்த்தால் மூக்கின் பெருமை. காய்க்காவிட்டால் மழையின் குற்றம்.

இப்படி சௌக்கியமாகப் போய்க்கொண்டிருந்த மூக்குக்கு, போன மாதம் ஒரு போன் வந்தது. பேசியவர் திலீப். கல்லூரியில் கூடப் படித்தவர். சுற்றுலாக் குழுவோடு மலேசியா வருகிறாராம், ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய மின்மினிப் பூச்சி பார்க்கப் படகில் போகப்போகிறாராம், அதற்கு முன்னால் நான்கு மணிக்கு வீட்டுக்கு வருகிறாராம்.

வரவேண்டாம் என்று சொல்ல சிவானந்தம் ஒரு காரணம் தேடினார், கிடைக்கவில்லை. திலீப் வெறும் கூடப் படித்தவர் இல்லை. தேர்வில் பக்கத்து மேசை. நாலு நிமிஷத்தில் உண்மையிலேயே என்ன நடந்தது என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள்.

நடந்தது வேறொன்றுமில்லை. ஆய்வகத்தில் கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. அதில் லேப் அட்டெண்டர். குப்பிகளில் உப்பை நிரப்பியவரே அவர்தான். தேர்வுக்கு முதல் நாள் அவருக்கு ஒரு கட்டு பீடி வாங்கிக் கொடுத்தவர்கள், தேர்வன்று கை கழுவப் போவார்கள். குழாய்ச் சத்தத்தில் காதோடு காதாக விடை வரும். அந்த வருடம் அந்த வகுப்பைப் போலச் சுத்தமான கையுள்ள வகுப்பு எங்குமே இருந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் தெரியாமல் திலீப்பை வரவேற்று, யாருக்கும் தெரியாமல் வழியனுப்பிவிடுவது என்று சிவானந்தம் திட்டம் போட்டார். ஆனால் மனைவி குமுதா பலகாரத்துக்குத் தேங்காய் வாங்கும்போது அமலதாஸின் மனைவி மாடில்டாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். மாடில்டாவிடம் சொன்ன பிறகு ரேடியோவில் வேறு சொல்ல வேண்டுமா? நான்கு மணிக்குப் போர்ச்சில் நாற்காலி போதவில்லை.

வேனிலிருந்து திலீப் இறங்கினார். கம்பளிக் கோட்டு. அதே முத்திரை. அதே வேர்வை. இரண்டு கோட்டுகளும் கட்டிப் பிடித்துக்கொண்டன. தே தண்ணி வந்தது. இருவரும் கிளாசைத் தூக்கிப் பிடித்து, ஒரே நேரத்தில் ஒரு கண்ணை மூடி, மட்டம் பார்த்தார்கள். கூட்டம் மெய்சிலிர்த்தது.

அமலதாஸ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "இந்தியா சார், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நம்ம சார் சோதனையில நாலே நிமிசத்துல மோந்து பாத்துச் சொன்னாராமே, மெய்யாவா?"

சிவானந்தத்தின் நாற்பது வருட மானம் திலீப்பின் நாக்கு நுனியில் தொங்கியது.

திலீப் கிளாசைக் கீழே வைத்தார். "நாலு நிமிஷமா? மோந்து பார்த்தா? ஏங்க, அது நானாச்சே!"

கூட்டம் ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்குத் தலையைத் திருப்பியது.

"எங்க அடுக்குமாடிக் குடியிருப்புல யாரை வேணா கேட்டுப் பாருங்க. பால் கெட்டுச்சான்னு பார்க்கக்கூட என்கிட்டதான் வருவாங்க" என்றார் திலீப்.

சிவானந்தத்துக்குப் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது. "டேய், நீ ஏழு நிமிஷம்டா!"

"நீ குழாய்கிட்ட எனக்கு முன்னாடி நின்னுட்டே, அதான்..." என்று ஆரம்பித்த திலீப் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். உண்மை வெளியே வந்தால் இரண்டு மூக்கும் ஒன்றாகத்தான் அறுபடும். அது அவருக்கும் தெரியும்.

"சண்டை வேணாம் லா" என்றார் அமலதாஸ், முகமெல்லாம் சிரிப்பாக. "மூக்கு ரெண்டும் இங்கதான இருக்கு? சோதிச்சுப் பாத்திருவோம். மாடில்டா, உள்ள போயி வெள்ளையா ஏதாச்சும் ஒண்ணு எடுத்துக்கிட்டு வா."

மாடில்டா குமுதாவின் சமையலறைக்குள் போய், ஒரு தட்டில் வெள்ளைத் தூளோடு திரும்பினாள். தொட்டுப் பார்க்கக் கூடாது, நாக்கில் வைக்கக் கூடாது. மூக்கு மட்டும்.

"விருந்தாளி முதல்ல" என்றார் சிவானந்தம், அவசர அவசரமாக.

திலீப் குனிந்தார். ஆழமாக இழுத்தார். அடுத்த விநாடி ஒரு தும்மல். பாதித் தூள் அமலதாஸின் சட்டையில். "நாலு நிமிஷம் ஆகலையே, இருங்க" என்று சொல்லி இன்னொரு முறை தும்மினார்.

சிவானந்தம் எழுந்தார். "தொடுறதுக்கு முன்னாடி கை கழுவணும். அதான் முறை" என்று அறிவித்துவிட்டு உள்ளே போனார். கையால் தொடப்போவதே இல்லையே என்று யாருக்கும் தோன்றவில்லை.

சமையலறையில் குமுதா வடை சுட்டுக்கொண்டிருந்தாள். சிவானந்தம் குழாயைப் படக்கென்று திறந்துவிட்டார்.

"குமுதா, மாடில்டா எதை எடுத்துட்டுப் போனா?"

குமுதா கரண்டியோடு திரும்பினாள். "ஏங்க, உங்க மூக்குக்கு என்னா ஆச்சு?"

"மூக்காவது மண்ணாவது. அன்னைக்கு அட்டெண்டர் சொன்னாரு, நான் எழுதினேன்." முதன்முதலாக ஒருவரிடம் உண்மையைச் சொல்லியாயிற்று. வெட்கமாக இருந்தது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

குமுதா அடுப்பை அணைத்துவிட்டுச் சிரித்தாள். பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எனக்குத் தெரியாதா? போன தீபாவளிக்குக் கேஸ் கசிஞ்சப்போ வீடே நாறிச்சு. நீங்க அடுப்புப் பக்கத்துல ஒக்காந்து பேப்பர் படிச்சீங்க."

"சரி, சொல்லு. வெளிய எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

"சொல்றேன். ஆனா ஒரு மாசத்துக்குக் காலேஜ் பேச்சே எடுக்கக் கூடாது. யார்கிட்டயும். இன்னைலேர்ந்து."

"ஒரு வாரம்."

"ஒரு மாசம். இல்லன்னா வெளிய போயி தும்முங்க."

அட்டெண்டர் ஒரு கட்டு பீடியோடு திருப்திப்பட்டார். எவ்வளவு நல்ல மனிதர்! சிவானந்தம் தலையை ஆட்டினார். குமுதா காதருகே வந்து, குழாய்ச் சத்தத்தில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

ஈரக் கையோடு வெளியே வந்த சிவானந்தத்தைத் திலீப் பார்த்தார். கையைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவரும் கை கழுவ எழுந்தார். ஆனால் நேரம் கடந்துவிட்டது. சிவானந்தம் குனிந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்து, நிமிர்ந்தார்.

"படிகாரம்."

மாடில்டா வாயில் கை வைத்தாள். "ஆமா!"

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. அமலதாஸ் சட்டையில் படிகாரத்தோடு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "எப்படி சார்? இந்த வித்தைய எங்க சார் கத்துக்கிட்டீங்க?"

நாற்பது வருடமாக அவர் காத்திருந்த கேள்வி. எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு, தாங்களாகவே, காசு கொடுக்காமல், கெஞ்சிக் கேட்கிறார்கள். சிவானந்தம் வாயைத் திறந்தார். கதவோரம் குமுதா வடைத் தட்டோடு நின்றிருந்தாள். வாய் மூடிக்கொண்டது.

"சும்மா... அப்படியே... வந்துருச்சு" என்றார். சொல்லும்போது கண் கலங்கியது.

"என்னடா இவ்வளவு அடக்கம்!" என்று திலீப் துள்ளி எழுந்தார். "இவன் சொல்ல மாட்டான், நான் சொல்றேன். எங்க காலேஜ்ல..."

செங்கல் வந்தது. மாடிப்படி வந்தது. தராசு வந்தது. எல்லாம் சிவானந்தத்தின் கதைகள், சிவானந்தம் நிறுத்தும் அதே இடங்கள், மாடிப்படியில் மட்டும் இரண்டு படி குறைவு. திருத்தவும் முடியாது. ஒரு மணி நேரம் போனது. இரண்டாயிற்று. கூட்டம் சொக்கிப்போய்க் கேட்டது. ஆள் புதிது, அதனால். வேன்காரர் ஹார்ன் அடித்தார், படகு போய்விடும் என்று கத்தினார், திலீப் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். சிவானந்தம் கொட்டாவி விட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு குமுதாவின் பக்கம் சாய்ந்து, உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார்.

"ஏன் குமுதா, இந்த ஆளு எப்பத்தான் நிறுத்துவான்?"

குமுதா அவர் பக்கம் திரும்பினாள். "முப்பத்தாறு வருசமா நானும் அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஒரு வடையை நீட்டினாள்.

நீங்கள் இப்படிப்பட்டவர் இல்லை. தெரியும். உங்கள் கல்லூரி நிஜமாகவே நல்ல கல்லூரி. அந்த மரத்தடி, அந்த வாத்தியார், அந்த ஆண்டு விழாவில் நடந்தது, அதெல்லாம் வேறு யாருக்கும் வாய்க்காதது. சொல்லத்தான் வேண்டும். தாராளமாகச் சொல்லுங்கள். சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒரே ஒருமுறை தலையைத் திருப்பி, உங்கள் வீட்டார் ஒவ்வொருவராக எழுந்து எங்கே போகிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.